ஓடினால் வலிக்கும் கால்

மாணவ நண்பர்களே, இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே ஒரு சிறு வேலை செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கத்தில் விரலை வையுங்கள். அங்கிருந்து கணுக்கால் வரை மெதுவாக விரலை இழுத்து வாருங்கள். தோலுக்கு அடியிலேயே விளிம்பு போல ஓர் எலும்பு தட்டுப்படுகிறதல்லவா? அதுதான் டிபியா. உடலின் எடையைத் தொடையிலிருந்து பாதத்துக்குக் கடத்துவது பெரும்பாலும் இந்த எலும்பே. அதன் வெளிப்பக்கத்தில் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு துணையாக நிற்கிறது. பின்பக்கத்தில் ஆடுசதை.

இனி உங்களை ஒரு சாஃப்ட்பால் மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், கட்டடத்துக்குள் ஆடும் ஆட்டமாகப் பிறந்தது இது. இன்று நம் பள்ளிகளிலும், குறிப்பாக மாணவியர், இதை விரும்பி ஆடுகிறார்கள். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 60 அடி, அதாவது ஏறத்தாழ 18 மீட்டர். தூரம் குறைவுதானே என்று எண்ணாதீர்கள். நின்ற இடத்திலிருந்து பாய்ந்து, முழு வேகம் பிடித்து, உடனே நிற்கவோ திரும்பவோ வேண்டும். கால் எலும்புக்கு நெடுந்தூர ஓட்டத்தைவிட இது லேசான வேலை அன்று.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறை முழுவதும் வீட்டில் இருந்தாள். பள்ளி திறந்ததும் அணித் தேர்வு. காலையில் 3 கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் ஆட்டப் பயிற்சி. முதல் வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரத்தில் கால்களின் உட்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஓட ஆரம்பித்ததும் வலி. உடல் சூடேறியதும் குறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் மீண்டும் வருகிறது. மண்டலப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். டீச்சரிடம் சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற பயம். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வாய் திறக்காமல் ஆடுகிறாள்.

அவளுக்கு வந்திருப்பதை ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று விளையாட்டு வீரர்கள் சொல்வார்கள். மருத்துவர்கள் வைத்த பெயர் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சின்ட்ரோம். பெயர் நீளம், விஷயம் எளிது. ஆனால் ஒரு கேள்வி. மூன்றாம் வாரத்தில் ஏன்? உடல் பழகாத முதல் நாளிலேயே அல்லவா வலித்திருக்க வேண்டும்?

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். முதல் முறை உடையாது. பத்தாவது முறையும் உடையாமல் போகலாம். பிறகு திடீரென்று 'டக்'கென்று ஒடிந்துவிடும். ஒரே ஒரு வளைப்பில் உடைக்க முடியாததை, சிறிய வளைப்புகள் பல சேர்ந்து உடைத்துவிட்டன. இதை உலோகக் களைப்பு என்பார்கள்.

நாம் ஓடும்போது டிபியாவும் ஒவ்வோர் அடிக்கும் மிக மிகச் சிறிதளவு வளைகிறது. ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடும்போது, தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. கணக்குப் போடுவோம். மாணவியின் எடை 45 கிலோ. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்றால் 3 கிலோமீட்டருக்கு 3,000 அடிகள். ஒரு காலுக்கு 1,500. ஒவ்வொரு முறையும் குறைந்தது 90 கிலோ பாரம் தாங்கும் விசை! ஆடுசதை இழுக்கும் இழுப்பையும் சேர்த்தால் எலும்பின் மேல் விழும் சுமை இதைவிடவும் பல மடங்காகிறது.

ஆனால் எலும்பு இரும்புக் கம்பி அல்ல. அது உயிருள்ள பொருள். கம்பி தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளாது, எலும்பு செப்பனிட்டுக்கொள்ளும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் நூலாகவே எழுதினார். நாள்தோறும் ஓடுகிறவனின் டிபியா உறுதியாவது இதனால்தான்.

இங்கேதான் சிக்கல். நம் ஊரில் சாலை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுதான இடத்தை முதலில் கொத்தி எடுப்பார்கள். பிறகுதான் புதிதாகப் போடுவார்கள். கொத்தி எடுத்தபின், புதுத் தார் விழும்வரை அந்தச் சாலை முன்னைவிட மோசமாக இருக்கும்! எலும்பிலும் இதே கதை. நுண்ணிய விரிசல் கண்ட இடத்தை எலும்பழிக்கும் செல்கள் முதலில் அரித்து எடுக்கின்றன. இந்த வேலைக்கு ஏறத்தாழ மூன்று வாரம். பின்னால் வரும் எலும்பாக்கும் செல்கள் அந்தக் குழியை நிரப்பி உறுதியாக்குவதற்கோ மூன்று மாதம் வரை ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் எலும்பு சற்றே பலவீனமாக இருக்கிறது. தசையும் மூச்சும் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடுகின்றன. 'இன்னும் வேகமாக ஓடலாம்' என்று தூண்டுகின்றன. எலும்பு மட்டும் பின்தங்கி நிற்கிறது. மூன்றாம் வாரத்தின் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையைத் தசை பிடித்து இழுப்பதால்தான் இந்த வலி என்று முன்பு கருதினார்கள். அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் நாள்பட்ட வலி உள்ளவர்களின் டிபியாவில், வலிக்கும் இடத்தில் தாது அடர்த்தி குறைந்திருப்பதும், வலி தீர்ந்தபின் அது திரும்ப உயர்வதும் ஆராய்ச்சிகளில் தெரிந்தது. ஆகவே எலும்பே முதல் குற்றவாளி என்ற எண்ணம் இப்போது வலுத்திருக்கிறது.

ஓய்வு கொடுக்காமல் ஓடினால்? கொத்தும் வேகத்துக்கு நிரப்பும் வேகம் ஈடுகொடுக்காது. நுண்விரிசல்கள் சேர்ந்து உண்மையான முறிவாகும். 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரெய்ட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்துச் சென்ற சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். அடிபடவும் இல்லை, விழவும் இல்லை, ஆனால் வலி. எக்ஸ் கதிர்கள் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது பாத எலும்பின் முறிவு என்று தெரிந்தது. அழுத்த முறிவு என்று இன்று சொல்கிறோம். டிபியாவில் அது வந்தால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் மைதானத்தை மறக்க வேண்டும். டிபியாவின் முன்புற விளிம்பின் நடுவில் வரும் முறிவு இன்னும் பொல்லாதது. ஆற மிகவும் மெதுவாகும். பத்து நாள் போட்டிக்காக ஒரு பருவத்தையே பணயம் வைக்கிறாள் அந்த மாணவி.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மறுபடியும் விரலை எலும்பின் உள்விளிம்பில் வைத்து அழுத்தி வாருங்கள். நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரு நாணயம் அளவே உள்ள ஓரிடத்தில் சுரீர் என்றால், நடக்கும்போதும் வலித்தால், இரவு படுத்திருக்கையிலும் வலித்தால், அழுத்த முறிவைச் சந்தேகிக்க வேண்டும். உடனே மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் இந்த முறிவு தெரியாமலே போகலாம். 'படத்தில் ஒன்றும் இல்லை' என்ற சொல்லைக் கேட்டு மறுநாளே ஓடிவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. படம் முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். நாட்டுக் கட்டு வைத்தியரிடம் போய் எலும்பை அழுத்தி உருவிவிடச் சொல்வது இந்த நிலையில் மிகவும் ஆபத்து.

வேறு சில வலிகளும் உண்டு. ஓடும்போது ஆடுசதையோ காலின் முன்புறமோ கல்லைப்போல் இறுகி, பாதம் மரத்துப்போய், நின்ற சில நிமிடங்களில் எல்லாம் சரியானால் அது தசை அறைகளுக்குள் அழுத்தம் கூடுவதால் வருவது. மருத்துவர் பார்க்க வேண்டியது. முழங்காலுக்கு நேர்கீழே எலும்பு புடைத்து வலிப்பது வளரும் வயதினருக்கே உரிய ஆஸ்குட்-ஷ்லாட்டர் தொல்லை. ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாமல் ஒரே காலில் வலி நீடித்தாலும் காட்டிவிடுவது நல்லது.

ஷின் ஸ்பிளின்ட்ஸ்தான் என்று தெரிந்தால் என்ன செய்வது? முதல் மருந்து, ஓட்டத்தை நிறுத்துவது. படுத்துக் கிடக்கத் தேவையில்லை. வலிக்காத அளவு சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்தால் வலி தணியும். தைலம் தோலைச் சூடாக்கும், அவ்வளவே, எலும்பைத் தொடாது. வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஆடுவதோ, என் கருத்தில், அபாய மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஓய்வோடு ஆடுசதையையும் பலப்படுத்துங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குங்கள். பிறகு முழங்காலைச் சற்று மடித்தபடி அதையே செய்யுங்கள். இரண்டாவது வகையில் சோலியஸ் என்ற உள்தசை அதிகம் வேலை செய்கிறது. அந்தத் தசை களைத்தால் டிபியா வளைவது கூடும். ஆகவே அதன் வலிமை எலும்புக்குக் காவல். செய்யும்போது வலித்தால் இன்னும் காலம் வரவில்லை என்று பொருள்.

காலணியையும் பாருங்கள். குமிழ் பதித்த காலணி ஆட்டத்துக்குரியது. காலை ஓட்டத்துக்கு மெத்தென்ற அடிப்பாகம் உள்ள காலணியே வேண்டும். சிமெண்டுத் தளத்தைவிட மண் தரை மேல். பந்து வீசும் பிட்சர் ஒவ்வொரு வீச்சிலும் ஒரே காலை முன்வைத்து ஊன்றுகிறாள். அந்த ஒரு காலில் வலி வந்தால், ஒரு நாளில் எத்தனை பந்து வீசினாள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். வாழ்நாளில் சேரும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, வேகமாக வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. நீங்கள் இப்போது இருப்பது அந்தக் காலத்தில்தான்! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடி, அரைச் சாப்பாட்டோடு வகுப்புக்குப் போகிறவளின் உடல் எலும்பு கட்டும் வேலையைத்தான் முதலில் நிறுத்தும். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் அது பயிற்சியின் வெற்றி அன்று. உணவு போதவில்லை என்ற அறிகுறியாகலாம். வெட்கப்படாமல் அம்மாவிடமோ டீச்சரிடமோ சொல்லுங்கள்.

திரும்ப ஆடுவது எப்போது? வேகமாக அரை மணி நடந்தும் வலி இல்லை, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தும் வலி இல்லை, விரலால் அழுத்தினாலும் வலி இல்லை என்றால் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம் என்று ஒரு வழக்கு உண்டு. அது இயற்கை விதி அல்ல, ஆனால் அவசரக்காரர்களுக்குக் கடிவாளமாக உதவும். நேர் ஓட்டம் பழகிய பிறகே பேஸைச் சுற்றித் திரும்பும் ஓட்டம். அதுவரை நம் மாணவி சும்மா இருக்க வேண்டியதில்லை. ஸ்டூலில் அமர்ந்து பந்து பிடிக்கலாம், மணிக்கட்டுச் சுழற்சியைப் பழகலாம், எதிரணி பிட்சரின் பந்துகளை நோட்டில் குறிக்கலாம். டீச்சரிடம் சொல்லிவிட்டால் இதற்கெல்லாம் அவரே வழி செய்துகொடுப்பார்.