வைப்ரஃபோனும் காற்றுத்தம்பமும்

முதலாம் ஆண்டு ஃபிசிக்ஸ் லேப்பில் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி, குழாயில் தண்ணீரை ஏற்றி இறக்கி, சத்தம் 'கும்'மென்று எழும் இடத்தைக் குறித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு நான் அதை மறந்துவிட்டேன். போன லீவில் அது திரும்பி வந்து நின்றது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வைப்ரஃபோன் வாசிப்பவர். வாடகைக்கு எடுத்துத்தான் வாசிப்பார். அலுமினியப் பட்டைகளைப் பியானோ கட்டைபோல இரண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அடி மூடிய ஒரு குழாயைத் தொங்கவிட்ட கருவி அது. 1920களில் அமெரிக்காவில் பிறந்தது. 1927-ல் டீகன் கம்பெனி அலுமினியப் பட்டையும் கால் பெடலும் வைத்துச் செய்த வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை.

பியானோவின் நடு 'சி'யை சி4 என்று வைத்துக்கொண்டால், வழக்கமான வைப்ரஃபோன் எஃப்3 முதல் எஃப்6 வரை 3 ஆக்டேவ். பாட்டின் இடதுகைப் பகுதி அதற்குக் கீழே இறங்கினால் அடிக்கப் பட்டை இருக்காது. அண்ணனுக்கு சி3 வரை போகும் 3½ ஆக்டேவ் வேண்டும். யமாஹா போன்ற சில கம்பெனிகள் செய்கின்றன. புதிது வாங்க வசதி இல்லை, பழையது கிடைப்பது அபூர்வம்.

கூடுதல் ஐந்தே பட்டைதானே என்று நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால்தான் தெரிகிறது. பட்டையின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அதே தடிமனில் எஃப்3-லிருந்து சி3-க்கு இறங்க, நீளம் 15 சதவீதம் கூடவேண்டும். (நடுவில் அடிப்பக்கம் குடைந்தும் சுருதியை இறக்குவார்கள்.) குழாய்தான் பெரிய தொல்லை. நம் லேப் சூத்திரம்தான்: நீளம், அலைநீளத்தில் கால் பங்கு. ஒலியின் வேகம் 343 மீட்டர் என்றால், 174.6 ஹெர்ட்ஸ் எஃப்3-க்கு 49 செ.மீ.; 130.8 ஹெர்ட்ஸ் சி3-க்கு 65.5 செ.மீ. முனைத் திருத்தம் போனால் கொஞ்சம் குறையும். ஸ்டாண்டும் அதற்கேற்ப வேண்டும்.

சென்னையில் ஒருவர் '3½ ஆக்டேவ் இருக்கு' என்றாராம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் யார் எந்த மிஷின் வாங்கினாலும் 'டிப்ளமாக்காரனைக் கூப்பிடு' என்பார்கள். போனேன். முன்வரிசையில் இடது ஓரக் குழாய் நல்ல நீளம். பார்த்ததும் "சரியாத்தாண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பணத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

அப்போதுதான் வலது ஓரம் கண்ணில் பட்டது. அங்கேயும் அதே நீளக் குழாய்! அந்த உச்ச சுரத்துக்கு 6 செ.மீ. போதுமே? விரலை விட்டுப் பார்த்தேன், கொஞ்ச ஆழத்திலேயே அடைப்பு தட்டியது. வெளியே தொங்கும் மிச்சமெல்லாம் அலங்கார வளைவு. குழாயைப் பார்த்து முடிவு செய்தது என் தப்பு.

"ஒரு நிமிஷம்ணே" என்று பட்டைகளை எண்ணினேன். 37. சி3-லிருந்து எஃப்6 வரை என்றால் 42 இருக்கணும். எண்ணாமலும் கண்டுபிடிக்கலாம்: மேல்வரிசை இடது ஓரத்தில் இரண்டு பட்டைக் கூட்டமாகத் தொடங்கினால் சி, மூன்று பட்டைக் கூட்டமாகத் தொடங்கினால் எஃப். இங்கே மூன்று. விற்பவர் "எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க தம்பி" என்றார். பொய்யா, தெரியாமலா, நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் அண்ணன் செங்கல்பட்டு வரைக்கும் பேசவே இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கேட்டார்: "எண்ணிப் பார்க்கிறதுக்கா மூணு வருஷப் படிப்பு?"

அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் தகவல் கொடுங்கள். 42 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு.