கார் கிளம்பவில்லை! ஏன்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

வீட்டில் ஒரு பழைய கார் இருப்பது இன்னொரு முதியவர் இருப்பதைப் போன்றது. அன்பாகக் கவனித்தால் நம்மோடு ஒத்துழைக்கும், கவனிக்காவிட்டால் படுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா வாங்கிய 1984-ஆம் ஆண்டு அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. இக்காலக் கார்களைப் போலத் தன் பழுதைக் கம்ப்யூட்டர் மூலம் அது தெரிவிக்காது. ஆனால் ஒலியாலும் மணத்தாலும் நிறத்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்கத் தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டையும், பின்னர் கற்ற பாடத்தையும் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் செய்த தவறு

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் சாவியைத் திருப்பியபோது ‘டக்’ என்று ஓர் ஒலி மட்டும் கேட்டது, என்ஜின் சுற்றவில்லை. “பாட்டரி போய்விட்டது” என்றார் அப்பா. “ஆமாம், ஆமாம்” என்றோம் நாங்கள். 5,500 ரூபாய் கொடுத்துப் புதிய பாட்டரி வாங்கினோம். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டோம். வண்டி கிளம்பியது. எங்கள் அறிவை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஐந்து வாரம் சென்றது. அன்று பாட்டிக்கு மதுரையில் கண்புரை அறுவைச் சிகிச்சை. காலை 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். விடியுமுன்பே பாட்டி கையில் செபமாலையுடன் பின் இருக்கையில் அமர்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினால் மீண்டும் அதே ‘டக்’! வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதாகிவிட்டது. மூன்று வாரம் கழித்தே அடுத்த தேதி கிடைத்தது. பாட்டி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “இன்னும் மூன்று வாரம் பைபிளை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டுங்கள்” என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஒரு கேள்வி

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மாலையில் அவரை அழைத்து வந்தோம். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன், “பாட்டரிதான் போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னீர்கள், தம்பி?” என்று அப்பாவைக் கேட்டார். எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

பிறகு முன்விளக்கைப் போடச் சொன்னார். நன்றாக எரிந்தது. சாவியைத் திருப்பியதும் மங்கியது. “பாட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது இணைப்பு சரியில்லாமல் இருக்கலாம். எது என்று அளந்து பார்ப்போம்” என்றார். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈய முளையிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். அங்கே ஏறக்குறைய 3 வோல்ட் காட்டியது! அரை வோல்ட்டுக்கு மேல் காட்டவே கூடாதாம். கிளாம்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. புதிய பாட்டரியில் பழைய அழுக்குக் கிளாம்பையே மாட்டியிருந்தோம். நாங்கள் கொடுத்துவிட்ட பாட்டரி நல்லதாகவே இருந்திருக்கலாம்!

நம் பாடநூலில் உள்ள ஓம் விதி

மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது என்று படிக்கிறோம் அல்லவா? அந்த அழுக்கின் தடை 0.02 ஓம் என்று கொள்வோம். முன்விளக்குகளுக்குச் சுமார் 10 ஆம்பியர் போதும். இழப்பு 0.2 வோல்ட், விளக்கு நன்றாக எரியும். என்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாருக்கோ சுமார் 150 ஆம்பியர் வேண்டும். இழப்பு 3 வோல்ட்! மோட்டார் எப்படிச் சுற்றும்? விளக்கு எரிவதால் இணைப்பு சரி என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது புரிகிறதல்லவா?

மருந்து எளியது. உடற்பகுதியோடு இணைந்த எர்த் ஒயரை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் அமிலப் பூப்பைக் கழுவ வேண்டும். அந்நீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே கிரீஸ் தடவினால் போதும். பாட்டரி அருகில் தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வெடிக்கக் கூடியது.

மற்ற பழுதுகள்

1. என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். சிறிது நேரம் சுற்றிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகிக்கலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் கருகியிருந்தாலோ, அதன் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவிலிருந்து மாறியிருந்தாலோ தீப்பொறி குறையும்.

2. என்ஜின் கொதிக்கிறது: வண்டியை ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. பிரஷர் குக்கரைப் போல உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், திறந்ததும் சீறி முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பின் நீர் குறைந்திருக்கிறதா, குழாய் ஒழுகுகிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கொதித்த என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடித்துவிடலாம்.

3. பிரேக் மிதி உள்ளே போகிறது: பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். திரவம் அழுந்தாது, காற்று அழுந்தும். காலை அழுத்தியபடியே வைத்திருக்க, மிதி மெல்ல இறங்கினால் ஆயில் கசியலாம். இதில் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். ஆயிலை ஊற்றிக்கொண்டு “மெதுவாகப் போய்விடலாம்” என்று கிளம்பவும் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

முடிவுரை

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, அதன் பின்பே மருந்து செய்ய வேண்டும் என்கிறார் திருவள்ளுவர், ‘மருந்து’ அதிகாரத்தில். நாங்கள் நோயைக் காணும் முன்பே மருந்துக் கடைக்கு ஓடினோம். எளியதை முதலில் பார். ஒன்றை மட்டும் மாற்றிப் பார். ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று உன்னையே கேள். இவையே நாங்கள் கற்ற பாடம்.

“பெண்பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு?” என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஓம் விதியைத் தேர்வுத்தாளில் எழுதும் கை, கிளாம்பைத் தேய்க்கக் கூடாதா? அடுத்த தேதிக்கு முந்தைய நாள் மாலை, தாத்தா அருகில் நிற்க, நாங்களே இணைப்புகளைச் சரிபார்த்தோம். மறுநாள் விடியற்காலை முதல் திருப்பிலேயே என்ஜின் உறுமியது. பின் இருக்கையிலிருந்து பாட்டி, “நல்ல பிள்ளைகள்” என்றார். காரைச் சொன்னாரோ, எங்களைச் சொன்னாரோ, நாங்கள் கேட்கவில்லை. இப்போது பாட்டி தாமே பைபிள் வாசிக்கிறார். இக்கட்டுரையையும் முதலில் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர் அவரே!