படகு மோட்டாரில் முள் பிறழ்வதேன்?

பௌதிக வகுப்பில் ஓம் விதியைக் கற்கும் மாணவர் பலர், பரீட்சைக்கு அப்பால் அஃது எதற்கு உதவும் என வினவுவதுண்டு. படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை நம்பிக் கடல் செல்வோருக்கு அவ்விதி கரைசேர உதவுவதாகும். பெட்ரோல் முள் பாதியைக் காட்டிக்கொண்டிருக்கையில் நடுக்கடலில் தொட்டி வறண்டுபோமாயின், அம்முள்ளை நம்பியவன் கதி யாதாகும்? கயிற்றை இழுத்துக் கிளப்பும் சிறு மோட்டார்களில் பெரும்பாலும் பாட்டரியுமில்லை, முட்களுமில்லை. ஆதலின் ஈண்டுக் கூறுவன பாட்டரியாற் கிளம்பும் பெரிய மோட்டார்களுக்கே உரியன.

பெட்ரோல் காட்டும் முள் பெட்ரோலைக் காண்பதில்லை. கம்பி வழியாகத் தன்பால் வரும் மின்னோட்டத்தை மாத்திரமே அறியும். இதனை மறந்தோர் முள் பிறழ்ந்தவுடன் கருவியைக் குறைகூறுவர். யான் அறிந்த படகுக்காரர் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு புதிய காட்டிகளை வாங்கி மாட்டினார். இரண்டும் பழையதைப் போலவே ஆடின. குற்றமோ, பலகைக்குப் பின்னிருந்த கறுப்பு எர்த்துக் கம்பியின் முனையில், பயறளவு பச்சைக் களிம்பில் இருந்தது. உப்புக்காற்று செம்பைத் தின்று விளைப்பது அக்களிம்பு.

அது செய்யும் கேட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நிறைந்த 12 வோல்ட் பாட்டரி ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். களிம்பேறிய இணைப்பொன்றின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். 1 ஆம்பியர் இழுக்கும் விளக்கு எரியுங்கால் அங்கு இழப்பது 0.02 வோல்ட், ஒருவரும் அறியார். அவ்விணைப்பு வழியே ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்குமாயின் இழப்பு 3 வோல்ட். ஸ்டார்ட்டர் 'டக்' என்றொலித்து நின்றுவிடும். "விளக்கு எரிகிறதே, பாட்டரி நன்றாய்த்தானே இருக்கிறது!" என உடையவர் மயங்குவார்.

ஆகவே நெருக்கடி நாடா கழன்றுள்ளதா, கியர் நடுநிலையில் உள்ளதா, ப்யூஸ் எரிந்துள்ளதா என முதலிற் பார்த்தபின், ஸ்டார்ட்டர் சுழலும்போதே அளந்து பார்த்தல் வேண்டும். வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் குமிழிலும், மற்றதை மோட்டாரின் உலோக உடலிலும் வைக்க. கவ்வியின்மேல் வைத்தலாகாது, குமிழின்மேலேயே வைத்தல் வேண்டும். அன்றேல் கவ்விக்கும் குமிழுக்கும் இடையிலுள்ள குறை தப்பிவிடும். அளவு அரை வோல்ட்டைக் கடக்குமாயின் அவ்வழியிலே களிம்போ தளர்ச்சியோ உண்டு. நேர்மின் பக்கத்தையும் இவ்வாறே குமிழிலிருந்து ஸ்டார்ட்டர் வரை சோதிக்க. பின்னர்ப் பாட்டரியைக் கழற்றிவிட்டு, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கிக் கிரீஸ் தடவலாம்.

முட்கள் யாவும் ஒருங்கே ஆடுமாயின் பொதுவான எர்த்தோ பொதுவான மின்வழியோ கெட்டிருக்கும். ஒன்றே பிறழுமாயின் அதன் கம்பியையும் அது செய்தி பெறும் உறுப்பையும் ஆராய்க. அமெரிக்க முறைப் பெட்ரோல் காட்டிக்குத் தொட்டி வறண்டபோது 240 ஓமும் நிறைந்தபோது 33 ஓமும் மிதவையிலிருந்து வரும். ஐரோப்பிய முறை இதற்கு நேர்மாறு. வறண்டால் 10, நிறைந்தால் 180. அமெரிக்க முறைக் காட்டியின் பின்புறத்தே மிதவைக் கம்பியைக் கழற்றின், முள் வறட்சிக்குச் சாயவேண்டும். அம்முனையை எர்த்தோடு இணைப்பின் நிறைவுக்கு ஏறவேண்டும். இரண்டும் நிகழுமாயின் காட்டி குற்றமற்றது. இதனைத் தொட்டியருகே செய்யற்க. பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். கணினிவழிச் செய்தி பெறும் புதிய காட்டிகளுக்கு இச்சோதனை பொருந்தாது.

சுழல்வேகக் காட்டியின் செய்தி வேறுவகைத்து. பறக்கும் சக்கரத்தின் கீழுள்ள மின்சுருள்களின் துடிப்புகளை அது எண்ணுகிறது. பல காட்டிகளின் பின்புறத்தே காந்த முனைகளின் தொகையைக் குறிக்கும் திருகு ஒன்றுண்டு. 12 முனையுள்ள மோட்டாருக்கு அதனை 6-இல் வைத்தால் 2500 சுற்று 5000 எனத் தோன்றும்! முள் முற்றும் படுத்துவிட்டால், மோட்டார் ஓடுங்கால் பாட்டரியை அளக்க. சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏறாமல் 12.6-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருப்பின், மின்னேற்றும் ரெக்டிபயரையும் ஐயுறுக. மோட்டார் ஓடுகையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நல்ல ரெக்டிபயரும் அக்கணமே எரிந்துபோகக்கூடும்.