பழைய கோழிக் கூண்டு வாங்குவோர் கவனத்திற்கு

பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் கோழிப்பண்ணையை மூடுவோர் விற்கும் கம்பிக் கூண்டுகளை மலிவாக வாங்கலாம். ஆனால் கூண்டோடு நோயும் வந்து சேரக்கூடும். சிலர் வாங்கிய அன்றே மருந்தைத் தெளித்துக் கோழிகளை விட்டுவிடுகிறார்கள். அது வீண் செலவு. காய்ந்த எச்சத்தின் அடியில் உள்ள கிருமியை மருந்து எட்டுவதில்லை.

கூண்டைப் பண்ணைக்கு வெளியே இறக்கி, தீவனத் தொட்டி, தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிவிட வேண்டும். எச்சத்தைச் சுரண்டியபின், 10 லிட்டர் வெந்நீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசவும். கையுறை அவசியம். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது.

கூண்டு வெயிலில் காய்ந்ததும் நெருப்புக் காட்ட வேண்டும். இரத்தக் கழிச்சல் நோயைப் பரப்பும் நுண்ணிய முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாவதில்லை. இடுக்குகளில் ஒளியும் செவ்வுண்ணியோ இரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும். கூண்டைச் சும்மா போட்டுவைத்துப் பயனில்லை. கம்பி இணைப்புகளில் ப்ளோ லாம்ப் சுடரை நகர்த்திக்கொண்டே காட்டவும். ஒரே இடத்தில் நிறுத்தினால் துத்தநாகப் பூச்சு கெட்டுத் துருப்பிடிக்கும். கூண்டு ஆறிய பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும்.

மரச்சட்டம் இருந்தால் அடுப்புக்குத்தான் ஆகும். பழைய நிப்பிள்களுக்கும் ஆசைப்படாமல் புதிதாகவே வாங்கிப் பொருத்துவது நல்லது.