உழைத்த கையின் உணவு

நெதர்லாந்து நாட்டின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமிற்குச் சென்ற ஒரு குடும்பத்தார், 1973 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வான்கோ ஓவியக் காட்சிச்சாலையைக் கண்டனர். மஞ்சள் நிறம் பொலியும் சூரியகாந்தி மலர்களின் ஓவியத்தைக் கண்டு களித்த சிறுவன், வேறொரு படத்தின்முன் முகம் சுளித்தான்.

“அப்பா, இஃது ஏன் இவ்வளவு இருண்டிருக்கிறது?” என வினவினான்.

“தம்பி, இதன் பெயர் ‘உருளைக்கிழங்கு உண்போர்’. 1885 ஆம் ஆண்டில், நூனென் என்னும் சிற்றூரில் வாழ்ந்தபோது வான்கோ இதனைத் தீட்டினார். ஒற்றை விளக்கின் ஒளியில் உழவர் குடும்பத்தினர் ஐவர் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் கைகளைப் பார். எலும்பு புடைத்த அக்கைகளே நிலத்தை அகழ்ந்தன. அவையே இப்பொழுது உணவை எடுக்கின்றன. தோலுரிக்காத, மண்படிந்த கிழங்கின் நிறத்தையே அவர்தம் முகங்களுக்கும் ஓவியர் அளித்தார். அழகுபடுத்திக் காட்ட அவர் விரும்பவில்லை” என்றார் தந்தை.

நண்பகலில் அவர்கள் உணவு விடுதி ஒன்றிற்குச் சென்றனர். உருளைக்கிழங்கையும் கீரையையும் வேகவைத்து மசித்த ‘ஸ்டம்பொட்’ என்னும் அந்நாட்டு உணவு வந்தது. சுவை புதிதாயிருந்தமையால் சிறுவன் தட்டை ஒதுக்கினான். தாய் ஒன்றும் கூறவில்லை. சிறிது நேரம் தட்டையே நோக்கியிருந்த சிறுவன், மெல்ல அதனைத் தன்பால் இழுத்து, எஞ்சாது உண்டான்.

உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் பின்னும் ஒருவருடைய உழைப்பு உண்டு. அதனை உணரச் செய்வதும் கலையின் பணியேயாம்.