கார்ல் ஐன்ஸ்டைன்: நாவலை ஒதுக்கிவிட்டு அவரைப் படிக்கலாமா?

கேள்வி: கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கிறேன். ஆப்பிரிக்கச் சிற்பங்கள் பற்றிய வகுப்பில் கார்ல் ஐன்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் கலை வரலாற்றாளரின் பெயர் வந்தது. அவர் நாவலும் நாடகமும் எழுதியவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கும் போனவர் என்று ஆசிரியர் சொன்னார். அவருடைய இலக்கியத்தை ஒதுக்கிவிட்டுக் கலை நூல்களை மட்டும் படித்தால் போதுமா?
– மாணவி, கும்பகோணம்

பதில்: போதாது. கார்ல் ஐன்ஸ்டைனின் நாவலும் கலை வரலாறும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை. மனிதன் பார்க்கும் விதம் மாறினால் அவனும் அவன் வாழும் உலகமும் மாறுமா என்பதே அந்தக் கேள்வி. அதை அவர் முதலில் எழுப்பியது கதையில்தான்.

1885-இல் ரைன் நதிக்கரையிலுள்ள நோய்வீட் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது கார்ல்ஸ்ரூஹேயில். பெர்லினில் கலை வரலாற்றாளர் ஹைன்ரிஷ் வுல்ஃப்லின், சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் போன்றோரிடம் பாடம் கேட்டார். ஆனால் பட்டம் பெறவில்லை. 1912-இல், பெர்லினின் 'டீ அக்ட்சியோன்' இதழில் 'பெபுகின்' என்ற குறுநாவல் வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீதுக்கு அதைக் காணிக்கையாக்கியிருந்தார். வழக்கமான கதையோட்டம் அதில் கிடையாது. இறந்துபோன நண்பன் வந்து பேசுகிறான். மதுக்கூடமும் சர்க்கஸும் மடாலயமும் மாறி மாறி வருகின்றன. ஒன்று நடந்ததால் இன்னொன்று நடந்தது என்ற காரண காரியத் தொடர்ச்சியையே அறுத்துப் பார்க்கும் நாவல் அது.

அதே காலத்தில் பாரிஸில் பிக்காஸோவும் பிராக்கும் ஒரு பொருளை ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பழக்கத்தை ஓவியத்தில் உடைத்துக்கொண்டிருந்தார்கள்; கியூபிசம் என்று அதற்குப் பெயர். ஐன்ஸ்டைன் 1923-இல் கலை வணிகரான நண்பர் கான்வைலருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், கியூபிசம் ஓவியத்தோடு முடிகிற விஷயம் அல்ல என்கிறார். காலத்தையும் அனுபவத்தையும் மொழியில் அப்படியே கலைத்து அடுக்க முடியும், 'பெபுகின்' அதற்கான தயக்கம் நிறைந்த முதல் முயற்சி என்பது அவர் தரும் விளக்கம். அவரது இலக்கியத்தைத் தள்ளிவைக்க முடியாது என்பதற்கு அவரே தரும் சாட்சியம் இது.

உங்கள் பாடத்துக்கு வருவோம். 1915-இல் லைப்சிகில் வெளியான 'நெகர்பிளாஸ்டிக்' (நீக்ரோ சிற்பம்) சிறிய கட்டுரையும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களும் கொண்ட நூல். ஆப்பிரிக்கச் சிற்பங்களை ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் வேட்டைக் கருவிகளோடும் பானைகளோடும் இனவியல் பொருளாக அடுக்கி வைத்திருந்த காலம் அது. அவற்றைக் கலையாக, சிற்பமாக மட்டுமே பார்க்கச் சொன்னார் ஐன்ஸ்டைன்.

அவருடைய வாதம் சிற்பியின் கைக்கு நெருக்கமானது. மறுமலர்ச்சிக் காலத்துக்குப் பிந்தைய ஐரோப்பியச் சிற்பம், பார்ப்பவன் எதிரே நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு, ஒளியும் நிழலும் காட்டிக் கன அளவை உணர்த்துகிறது. அதாவது, ஓவியத்தின் வேலையைக் கல்லில் செய்கிறது என்றார். ஆப்பிரிக்கச் சிற்பியோ பார்ப்பவனைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் ஆழத்தையும் சேர்த்து ஒரே வடிவத்தில் இறுக்குகிறான். நாம் 'விகாரமான அளவு' என்று நினைக்கும் பெரிய தலையும் குறுகிய காலும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை; திறமைக் குறைவிலிருந்து அல்ல. 1915-இல் இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நூலின் படங்களுக்குக் கீழே ஊர் இல்லை, மக்கள் இல்லை, காலம் இல்லை. ஆப்பிரிக்காவைச் சேராத சில சிற்பங்களும் கலந்துவிட்டன. நூலின் தலைப்பிலுள்ள இனப்பெயரை இன்று யாரும் மரியாதையோடு சொல்ல முடியாது. வடிவத்தை மீட்டவர் செய்தவனை மறைத்துவிட்டார் என்ற விமர்சனம் நியாயமானது. 1921-இல் வந்த 'ஆஃப்ரிகானிஷே பிளாஸ்டிக்' நூலில் இனவியல் தகவல்களுக்கு இடம் கொடுத்தார்.

அதே 1921-இல் இயேசுவின் கதையைத் தன் காலத்து மனிதர்களோடு பொருத்திய நாடகம் ஒன்றை வெளியிட்டார். தெய்வ நிந்தனை வழக்கு வந்தது. 1922-இல் அவருக்கும் பதிப்பாளர் ரோவோல்ட்டுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. 1926-இல் 'இருபதாம் நூற்றாண்டின் கலை' வந்தது. தன் காலத்துக் கலையைப் பற்றி, அது நடந்துகொண்டிருக்கும்போதே எழுதிய பெரிய வரலாறு அது. 1931-க்குள் இருமுறை திருத்தினார். 1928-இல் பாரிஸில் குடியேறி, எழுத்தாளர்கள் ஜார்ஜ் பத்தாய், மிஷேல் லெரிஸ் ஆகியோரோடு 'டாக்யுமான்' இதழில் பணியாற்றினார். இயக்குநர் ழான் ரென்வாரின் 'தோனி' திரைப்படத்தின் திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பும் வழி அடைபட்டது. அந்த ஆண்டுகளில் 'புனைவுகளின் உற்பத்தி' என்ற நூலை எழுதினார். தான் கொண்டாடிய நவீனக் கலைஞர்களும் அறிவுஜீவிகளும் சமூகத்திலிருந்து விலகித் தனிமனிதக் கற்பனைகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அதில் கடுமையாகக் குற்றம் சாட்டினார். அந்த நூல் அச்சேறியது 1973-இல்தான். 1936-இல், உள்நாட்டுப் போர் தொடங்கியதும் ஸ்பெயினுக்குப் போய், அனார்க்கிஸ்டுத் தலைவர் துருத்தியின் படையில் சேர்ந்தார். துருத்தி இறந்தபோது பார்சிலோனா வானொலியில் அஞ்சலி உரை ஆற்றினார். அந்தப் படையினர் 'நான்' என்பதையே விட்டொழித்துவிட்டதாக அதில் பாராட்டினார். கதையில் தனிமனிதனைக் கலைத்துப் பார்த்தவர், போர்முனையில் கூட்டு வாழ்வைக் கண்டதாக நம்பினார்.

1940-இல் ஜெர்மானியப் படை பிரான்சில் நுழைந்தது. ஜெர்மானியர் என்பதால் பிரான்சு அடைத்துவைத்திருந்த தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த அவருக்கு, உள்நாட்டுப் போரில் வென்று ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவை எதிர்த்துப் போரிட்டவர் என்பதால் ஸ்பெயின் எல்லையும் மூடியிருந்தது. 1940 ஜூலை 5 அன்று, பைரனீஸ் மலையடிவாரத்தில், காவ் த போ (Gave de Pau) ஆற்றில் குதித்து உயிரை விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில், அதே எல்லையில் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமினும் இறந்தார். பெஞ்சமினை உலகம் தேடி எடுத்துக்கொண்டது. ஐன்ஸ்டைன் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது என் வருத்தம்.

அவருடைய முக்கியமான கலைக் கட்டுரைகளைச் சார்ல்ஸ் ஹாக்ஸ்தாசன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். சிகாகோ பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்டது. முதலில் 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு, உங்கள் பட்டறையில் நிற்கும் ஒரு சிற்பத்தைச் சுற்றி வந்து அவர் வாதத்தைச் சோதியுங்கள். அடுத்து 'பெபுகின்' நாவலுக்குப் போங்கள். முதல் வாசிப்பில் அது பிடிபடாது; மறுபடியும் படியுங்கள். அந்த நாவலைப் படிக்காதவர், ஐன்ஸ்டைன் சிற்பத்தில் எதைத் தேடினார் என்பதைப் பாதிதான் அறிவார்.