தேக்கடி ஏரியில் ஐப்பசிக் கெண்டை

கோட்டயம் வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் போய்வரும் நம் குடும்பங்களுக்குக் குமுளி பழக்கமான ஊர். பேருந்து நிற்கும் சில நிமிடங்களில் தேநீர் குடிப்போம், ஏலக்காய் வாங்குவோம். அருகிலுள்ள தேக்கடி ஏரியில் படகிலும் போயிருப்போம். யானை தென்படுகிறதா என்று கரையையே பார்த்த நாம், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணியிருக்க மாட்டோம். இந்த இதழின் பாடம் அந்தத் தண்ணீருக்குள் வாழும் கெண்டையைப் பற்றியது. மீன் உண்ணாத வீடுகளிலும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாம். இது சமையல் குறிப்பு அன்று.

ஏரி உண்டான விதம்

தேக்கடி ஏரி இயற்கையாக அமைந்ததன்று. பென்னிகுயிக் தலைமையில் 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் தேங்கி, காட்டுப் பள்ளத்தாக்கு மூழ்கியதால் உண்டானது. பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். அன்று மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நீருக்கு மேல் கருத்து நிற்கின்றன. பழைய ஆறு ஓடிய நடுப்பகுதி நல்ல ஆழம். ஓடைகள் வந்து சேரும் ஓரங்களோ ஆழம் குறைந்தவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பவர் கணக்கு அதில்தான் இருக்கிறது.

இது எந்தக் கெண்டை?

பெண்களின் கண்ணுக்கு நம் புலவர்கள் உவமை சொன்ன கெண்டையும் கயலும் நம் நாட்டு நீர்நிலைகளின் மீன்கள். தேக்கடி வலையில் விழும் பருத்த மீன் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே; ஆனால் வெளிநாட்டு உறவு. மீன்வளத் துறையினர் இதைச் 'சாதாக் கெண்டை' என்பர். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்ட மீன் இது. இதில் 'கண்ணாடிக் கெண்டை' என்ற வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1957-இல் பாங்காக்கிலிருந்து மற்றொரு வகை இந்தியாவுக்கு வந்தது.

இதன் வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நத்தையின் ஓட்டையும் நொறுக்கும். அடிச் சேற்றை உறிஞ்சி, புழுவையும் விதையையும் நிறுத்திக்கொண்டு, மண்ணைத் துப்பிவிடும். எதையும் தின்னும், விரைவில் வளரும், தேங்கிய நீரிலேயே முட்டையிடும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டைகள் இடும். இந்தக் குணங்களுக்காகவே மனிதர் இதை நாடு நாடாகக் கொண்டு சென்றனர். அவ்வழியில் பெரியாற்று நீரிலும் இது குடியேறிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள்

தேக்கடிக் காடு 1978 முதல் புலிகள் காப்பகம். அங்கே நாம் தூண்டில் போட முடியாது. மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினருக்கே அந்த உரிமை உண்டு. மன்னான் மக்கள் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்வழி மரபு. இவ்விரு குலத்தாரின் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானது.

ஐப்பசி என்பது இங்கே துலா மாதம். பிற்பகலில் இடி இடித்துத் துலாவர்ஷம் பெய்யும். ஓடைகள் மண் கலந்த நீரைக் கொண்டுவரும், ஏரி ஏறும், கரைப் புல் நீரில் மூழ்கும். புல்லில் இருந்த புழுவும் பூச்சியும் தண்ணீருக்கு வர, அவற்றைத் தேடிக் கெண்டை ஓரத்துக்கு வரும். ஆழமான ஏரியின் அடிநீரில் பிராணவாயு குறைவு. அங்கே இதற்கு இரையும் குறைவு. ஆகவே ஏரி எவ்வளவு ஆழமானாலும் கெண்டைக்கு வலை விரிக்கும் இடம் ஓரந்தான்.

மாலையில் மூங்கில் தெப்பத்தில் சென்று, மரக்கட்டைகளில் சிக்காதபடி வலையைக் கட்டிவிட்டு வருவார்கள். விடியலில், பனிமூட்டம் கலையும் முன்பே போய் எடுப்பார்கள். அகலக் கண் வலையில் பெரிய மீன் மட்டும் நிற்கும். குறுகிய கண் வலையில் குஞ்சுகளும் மாட்டிவிடும். வலையின் கண் எவ்வளவு என்பதில்தான் ஏரியின் எதிர்காலம் இருக்கிறது.

வந்த மீனும் சொந்த மீனும்

சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய சுந்தரராஜ் என்னும் அறிஞர் 1941-இல் பெரியாற்று மீன் ஒன்றை உலகுக்கு அறிமுகம் செய்தார். 'லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ்' என்பது அதன் அறிவியல் பெயர். தோற்றத்தில் இமயமலை ஆற்று மீன்களை ஒத்திருந்ததால் அது வியப்புக்கு உரியதாயிற்று. பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது.

சொந்த மீன் தேடும் இரையையே கெண்டையும் தேடுகிறது என்று 1990-களிலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தனர். கெண்டை சேற்றைக் கிளறுவதால் நீரும் கலங்குகிறது. ஆனால் பழங்குடியினரின் வலையில் விழுந்து அவர்களுக்கு வருமானம் தருவதில் இந்தக் கெண்டைக்குப் பெரும் பங்கு உண்டு. சிக்கல் இங்கேதான். ஆகவே இந்த ஏரியில் கெண்டையைப் பிடிப்பது நன்மை. சொந்த மீன் வாழும் ஓடைகளில் வலை போடாமல் இருப்பது அதனினும் நன்மை.

இங்கிலாந்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் கெண்டையைப் பிடித்து, எடை பார்த்து, உயிருடன் திரும்ப விடுகின்றனர். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்களில் அப்படி விடுவதே சட்டப்படி குற்றம். அங்கே இது ஆறுகளைக் கெடுத்த மீன். மீன் ஒன்றுதான், நீர்தான் வேறு. எந்த உயிரும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2018 பெருவெள்ளத்துக்குப் பின், வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அரபைமா போன்ற தென்அமெரிக்க மீன்கள் கேரள ஆறுகளில் பிடிபட்டன. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன் பெரிதாகிவிட்டால், பாவம் என்று கோயில் குளத்திலோ காயலிலோ விடுவது நம்மிடமும் உள்ள பழக்கம். அந்த ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம் அக்குளத்தின் மற்ற மீன்களுக்குக் கேடாகலாம். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுப்பதே முறை.

பிள்ளைகளுக்கு மூன்று வினாக்கள்

1. ஆழமான ஏரியில் கெண்டை ஏன் ஓரத்துக்கு வருகிறது?
2. அகலக் கண் வலையால் என்ன நன்மை?
3. உங்கள் ஊர்க் குளத்தில் உள்ள மீன்களின் பெயர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். அவற்றில் எது சொந்த மீன், எது வந்த மீன்?